தம்பின் நிலையமும் காணாமற்போன பாதையும்

தம்பின் இரயில் நிலையத்தை நம்மில் பலர் அறிவோம். தம்பின் பட்டணம் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது. ஆனால் நிலையம் இருப்பதோ மலாக்கா மாநிலத்துப் பூலாவ் செபாங்கில். இன்று அந்த நிலையத்துக்கு இரண்டு ஊர்களின் பெயரும் சேர்த்தே வழங்குகிறது. இந்தச் சிறிய நிலையத்துக்கு ஒரு பெரிய கதை உண்டு. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

மலாக்கா பட்டணத்துக்கு இரயிலே கிடையாது என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் இருந்தது. 1905ஆம் ஆண்டில் தம்பினிலிருந்து ஒரு கிளைப்பாதை பிரிந்து, அலோர் காஜா வட்டாரத்தின் வழியாக மலாக்கா பட்டணம் வரை சென்றது. அதன் நீளம் சுமார் 21 மைல். ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலம் அது.

பிறகு போர் வந்தது. 1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மலாக்காவைப் பிடித்தது. பர்மாவிலிருந்த தன் படைக்குக் கடல்வழியே பொருள் அனுப்புவது ஆபத்தாக இருந்ததால், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதை போட ஜப்பான் முடிவு செய்தது. அதற்குத் தண்டவாளம் வேண்டுமே! மலாக்காக் கிளைப்பாதையைப் பெயர்த்தெடுத்தார்கள். கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதியையும் பெயர்த்தார்கள்.

இரும்பு மட்டும் போகவில்லை, நேயர்களே. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களும் கொண்டுபோகப்பட்டனர். நல்ல சம்பளம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் சிலர். வலுக்கட்டாயமாகப் பிடிக்கப்பட்டவர்கள் பலர். காலரா, மலேரியா, பசி, அடி ஆகியவற்றால் காட்டிலேயே மாண்டவர்கள் ஏராளம். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. அதைத்தான் நாம் சயாம் மரண இரயில் என்கிறோம். போர்க் கைதிகளாக மாண்ட வெள்ளையருக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவரில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை.

போருக்குப்பின் கிழக்குக் கரைப் பாதையைத் திரும்பப் போட்டார்கள். மலாக்காப் பாதையை மட்டும் போடவில்லை. இன்று தம்பின் வழியாக மின்சார இரயில் ஓடுகிறது. மலாக்காவுக்குப் போகிறவர்கள் அங்கே இறங்கிப் பேருந்தோ காரோ பிடிக்க வேண்டியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், திரும்பினாரா என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்போம். பெயர்த்த பாதை திரும்பி வராமல் போகலாம். அவர்கள் பெயராவது நம்மிடம் நிற்கட்டும்.