புகைக்குழாய்ச் சூட்டிலிருந்து பம்பரைக் காப்பது எப்படி?

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

நம் விருத்தாசலத்தில் வெப்பத்தைப் பற்றிப் பேச விஞ்ஞானியாக இருக்க வேண்டியதில்லை. பீங்கான் சூளையில் வேலை செய்யும் எவரும் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். என் தாயார் அப்படிப்பட்டவர். பீங்கான் பொம்மைகளைச் சூளையில் அடுக்குவது அவர் வேலை. தந்தையார் வாடகைக் கார் ஓட்டுகிறார். இவ்விருவரின் தொழிலும் ஒரு நாள் ஓரிடத்தில் சந்தித்தன. அந்த அனுபவத்தைக் கொண்டே இக்கட்டுரையின் பொருளை விளக்க முயல்கிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் காரின் சைலன்சர் ஓட்டையாகி, ஒரு பட்டறையில் வேறொன்று மாற்றப்பட்டது. சில வாரங்களில் பின்பக்கப் பம்பரின் அடிப்பகுதி வெயிலில் வைத்த வெல்லம் போல் இளகித் தொங்கிற்று. “பம்பர் மட்டமான சரக்கு, புதிது போடுங்கள்” என்றார்கள். போட்டோம். இரண்டே மாதத்தில் அதுவும் நெளிந்தது. அதன் விலை, கார்க் கடனின் ஒரு மாதத் தவணைக்குச் சற்றே குறைவு. “நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஒரு வழி சொல்லித் தரலியாப்பா?” என்று அப்பா கேட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

முதலில் பம்பரைப் பார்ப்போம். பழைய அம்பாசிடர் காரின் பம்பர் இரும்பால் ஆனது. அதற்குச் சூட்டைப் பற்றிக் கவலையில்லை. இக்காலப் பம்பர்களோ பெரும்பாலும் பாலிபுரொப்பிலின் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. இது உருகுவது சுமார் 160 டிகிரி செல்சியஸில். ஆனால் 100 டிகிரியை எட்டும்போதே விறைப்பை இழந்து தொய்யத் தொடங்கிவிடும்.

இனி புகைக்குழாய். பெட்ரோல் எஞ்சினை விட்டு வெளிவரும் புகை 600 முதல் 800 டிகிரி வரை சூடாக இருக்கும். வால்குழாயை அடைவதற்குள் அது பெரிதும் தணிந்துவிடுகிறது. ஆயினும் பாரத்தோடு நெடுந்தூரம் ஓடினால் அங்கேயும் 200, 300 டிகிரி இருக்கக்கூடும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடினால், குழாயைக் குளிர்விக்க எதிர்காற்றும் இராது.

இந்த வெப்பம் பம்பரை அடைய மூன்று வழிகள் உண்டு. குழாய் பம்பரைத் தொட்டால் கடத்தல். சூடான புகையும் காற்றும் மேலெழுந்து தாக்கினால் சலனம். தொடாமலே எட்ட இருந்து சுடுவது கதிர்வீசல். மூன்றாவதை நாம் மறந்துவிடுகிறோம். 1879-இல் ஸ்டீபன் கண்டறிந்து, 1884-இல் போல்ட்ஸ்மன் நிறுவிக் காட்டிய விதிப்படி, கதிர்வீசல் தனிவெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப உயர்கிறது. கணக்கிட்டுப் பார்த்தேன். 300 டிகிரியில் உள்ள கரும்பரப்பு, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 6000 வாட் வீசுகிறது. நம் ஊர் உச்சி வெயிலே சுமார் 1000 வாட்தான்! அக்குழாயை 150 டிகிரிக்குத் தணித்தால் கதிர்வீசல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது.

காரின் அடியில் படுத்துப் பார்த்தபோது குற்றம் பம்பருடையது அன்று என்பது விளங்கிற்று. புதிய வால்குழாய் குட்டையாக இருந்தது; அதன் வாய் பம்பரின் விளிம்புக்கு உள்ளேயே முடிந்து, புகை நேரே பிளாஸ்டிக்கில் அடித்தது. குழாயைத் தாங்கும் ரப்பர் ஒன்று அறுந்து, குழாய் ஒருபுறம் சாய்ந்து பம்பரை நெருங்கியும் இருந்தது. நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்ற கதைதான். ரப்பரை மாற்றினோம், குழாயை நீட்டி அதன் வாயை விளிம்புக்கு வெளியே கொண்டுவந்தோம். சலனமும் கடத்தலும் ஒழிந்தன.

எஞ்சியது கதிர்வீசல். இங்கே அம்மா கைகொடுத்தார். “கனமான கல்லு சூட்டைக் குடிக்கும், பொறபொறன்னு லேசா இருக்கிற கல்லுதான் சூட்டைத் தடுக்கும்” என்றார். உண்மைதான். இலேசான சூளைச் செங்கல்லின் நுண்துளைகளில் அடைபட்ட காற்றே தடுப்புச் சுவர். அசையாத காற்று, இரும்பைவிட ஆயிரம் மடங்குக்கும் குறைவாகவே வெப்பத்தைக் கடத்துகிறது. ஆகவே பளபளப்பான அலுமினியத் தகடு ஒன்றைக் குழாய்க்கும் பம்பருக்கும் நடுவே, இரண்டையும் தொடாமல் பொருத்தினோம். பளிச்சென்ற அலுமினியம், தன்மேல் விழும் வெப்பக் கதிர்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். தகட்டின் சூடு போல்ட் வழியே கடந்து போகாதிருக்க, ஹீட்டர் கம்பியில் கோக்கும் பீங்கான் மணிகளை இடையில் கொடுத்தோம். மிக இறுக்கினால் மணி விரிசல் விடும். இருபுறமும் வாஷர் அவசியம்.

பலன் உண்டா எனச் சோதிக்க வெப்பமானி எங்களிடம் இல்லை. பம்பரின் உட்புறம் மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை ஒட்டினேன். மெழுகு 60 டிகிரிக்குள் உருகும். பகல் வெயிலே ஏமாற்றிவிடும் என்பதால், இரவில் உளுந்தூர்பேட்டை வரை போய் வந்தோம். தகடு இல்லாத நாளில் மெழுகு வழிந்து ஓடியது. தகடு வைத்த நாளில் ஒட்டிய இடத்திலேயே இருந்தது.

நண்பர்களுக்குச் சில எச்சரிக்கைகள். இடைவெளியில் துணியோ ரெக்சினோ திணிக்கக் கூடாது, தீப்பிடிக்கும். குழாயில் சுற்றும் நாடா ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பைத் துருவேற்றும். பீங்கான் பஞ்சு 1000 டிகிரிக்கு மேலும் தாங்கும். ஆனால் அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சைலன்சர் திடீரென மிகுதியாகச் சுட்டால் தகடு தேடாமல் எஞ்சினைச் சோதியுங்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கருவிக்குள் சென்று எரிவதாலும் அப்படி நேரும். அக்கருவியின் உள்ளே தேன்கூடு போல் இருப்பதும் ஒரு பீங்கானே!

மூன்றாவது பம்பர் வாங்கவில்லை. நெளிந்ததையே நிமிர்த்திப் போட்டு ஓட்டுகிறோம். சவாரிக்கு வருபவர்கள் அந்த நெளிவைப் பற்றிக் கேட்டால், அப்பா தகட்டைக் காட்டி நான்காம் படி விதியைச் சொல்கிறார். பாதி தப்பாகத்தான் சொல்கிறார், நான் திருத்துவதில்லை.