மழலை நெஞ்சின் முணுமுணுப்பு

'முணுமுணு' என்பது இரட்டைக்கிளவி. பிரித்தால் பொருள் தாராது என்பதை நம் மாணவர் யாவரும் அறிவர். மருத்துவர் வழங்கும் 'மர்மர்' என்னும் சொல்லும் இலத்தீன் மொழியில் அவ்வாறே இரட்டித்து ஒலிக்கும் ஒலிக்குறிப்பே ஆகும். இச்சொல் எம் இல்லத்துள் நுழைந்த வரலாற்றை முதற்கண் கூறுதல் தகும்.

எம் தமக்கையாரின் மகளுக்கு அப்போது நான்கு வயது. காய்ச்சலுக்குக் காட்டச் சென்றவிடத்து, மருத்துவர் ஒருவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டு, "மர்மர் இருக்கிறது" என்றார். வேறொன்றும் விளக்காது மருந்துச் சீட்டை நீட்டினார். அச்சொல் எம் நன்னிமாவின் செவியில் 'மர்மம்' என்று விழுந்தது. "பிள்ளை நெஞ்சுல ஏதோ மர்மமாம்" என்று தொடங்கிய பேச்சு, மாலைக்குள் தெருக்கோடியில் 'இதயத்தில் ஓட்டை' என்றாயிற்று. அன்றுமுதல் அப்பிள்ளை ஓடலாகாது, ஊஞ்சல் ஆடலாகாது, மாடிப்படி ஏறலாகாது. "பொம்பளைப் பிள்ளை, நாளைக்குச் சம்பந்தம் பேச வர்றவங்க காதுல விழுந்தா என்னாகும்?" என்று பெரியோர் அஞ்சியதால் வேறு மருத்துவரிடம் காட்டவும் இல்லை. மூன்றாண்டுகள் இவ்வாறு கழிந்தபின் மதுரையில் 'எக்கோ' எடுத்துப் பார்த்தோம். அரைமணி நேரத்தில் விடை கிடைத்தது: இதயத்தில் யாதொரு குறையும் இல்லை. படித்தவரென்று பெயர் பெற்ற யாமும் அம்மூன்றாண்டு வாளாவிருந்தோம் என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஆழமான ஆற்றில் நீர் அரவமின்றிச் செல்லும். குறுகிய மடையில் புகுங்கால் சலசலக்கும். குருதியும் அத்தகையதே. இதயத்தின் 'லப்-டப்' ஓசை வால்வுகள் மூடுவதால் எழுவது. அவற்றினிடையே குருதி சுழித்தோடும் ஒலியே முணுமுணுப்பு. 1816இல் பாரிஸ் நகரில் லானெக் என்னும் மருத்துவர், இளம்பெண் ஒருத்தியின் மார்பில் செவி வைக்க நாணித் தாளைச் சுருட்டிக் குழலாக்கிக் கேட்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு. நலமுள்ள சிறுவரிடமும் இசைபோன்ற முணுமுணுப்பு கேட்பதை 1909இல் ஜார்ஜ் ஸ்டில் என்னும் ஆங்கிலேய மருத்துவர் எடுத்துரைத்தார். காய்ச்சலின்போது அது மிகும். வயது ஏற ஏற மறையும். வளரும் பருவத்தில் பல குழந்தைகளுக்கு ஏதேனும் ஒருகால் இவ்வொலி கேட்பதுண்டு. இது நோயன்று. எம் மருமகளுக்கு இருந்ததும் இதுவே.

ஆயின் எல்லா முணுமுணுப்பும் இவ்வாறு தீங்கற்றதன்று. ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 8 அல்லது 9 பேர் இதயக் குறையுடன் பிறக்கின்றனர். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது கீழறைகள் இரண்டிற்கும் இடைப்பட்ட சுவரில் உள்ள துளை.

இத்துளை பற்றிய அறிவு வளர்ந்த வரலாறு சுவையானது. அச்சுவரில் கண்ணுக்குப் புலனாகாத துளைகள் எல்லா மாந்தர்க்கும் உண்டு, அவற்றின் வழியே குருதி வலமிருந்து இடம் செல்கிறது என்று கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டுகள் அதனை யாரும் மறுத்திலர். 1242இல் இப்னு நஃபீஸ் என்னும் அறிஞர், இப்னு சீனாவின் மருத்துவ நூலுக்கு எழுதிய உரையில், அச்சுவர் கெட்டியானது, துளை ஏதுமில்லை, குருதி நுரையீரல் வழியாகவே இடப்புறம் சேர்தல் வேண்டும் என்று நிறுவினார். அவ்வுரையின் ஏட்டுப்படியை 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நூலகத்தில் கண்டெடுக்கும்வரை மேலைநாட்டார் அவரை மறந்தே இருந்தனர். உரையாசிரியர் மூலநூலை மறுக்கவும் துணிவர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

மேலறைகளின் செய்தி வேறு. கருவில் நுரையீரலுக்கு வேலையின்மையால், மேலறைகளுக்கிடையே ஒரு வாயில் திறந்தே இருக்கும். அவ்வகையில் நாம் அனைவரும் இதயத்தில் துளையோடு பிறந்தவர்களே! முதல் மூச்சுக்குப்பின் அவ்வாயில் மூடத் தொடங்குகிறது.

ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஒலியின் அளவு குறையின் அளவன்று. சிறு துளை பேரொலி எழுப்பும். அத்தகைய துளைகள் பல தாமே மூடிக்கொள்ளும். பெருந்துளையோ பிறந்த சில நாட்கள் ஓசையின்றி இருத்தல் கூடும். இதயத்திலிருந்து புறப்படும் இரு பெருங்குழாய்கள் இடம்மாறிப் பிறக்கும் கொடுங்குறையில் முணுமுணுப்பே இல்லாதிருப்பதும் உண்டு. ஆதலின் செவியை மட்டும் நம்பாது குழந்தையையும் பார்த்தல் வேண்டும். பால் குடிக்கையில் நெற்றி வியர்த்தல், இடையிடையே மூச்சு வாங்கி நிறுத்தல், எடை கூடாமை, அடிக்கடி நெஞ்சுச்சளி, உதடும் நாவும் நீலம் பாய்தல், சிறிது ஓடியதும் குந்தி அமர்தல் ஆகியவற்றைத் தாயே முதலில் காண்பாள். "பிள்ளை ஏன் இப்படி வேர்க்குது?" என்று அவள் கேட்டால் அதனை அலட்சியம் செய்யலாகாது.

நீலம் பாய்ந்த குழந்தைகளுக்கு ஒருகாலத்தில் மருந்தே இல்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹெலன் டாசிக் என்னும் அம்மையார், தாம் செவிப்புலன் குன்றியவராதலின், குழந்தைகளின் நெஞ்சில் கைவைத்தே அதிர்வை உணர்ந்தார். அவர் வகுத்த வழியில் 1944 நவம்பர் 29ஆம் நாள் பிளாலக் என்பவர் பதினைந்து மாதக் குழந்தைக்கு அறுவை செய்தார். அம்முறையை ஆய்வுக்கூடத்தில் செய்து பழகியவர் விவியன் தாமஸ் என்னும் கறுப்பினத்தவர்; கல்லூரிப் படிப்புக்குப் பொருளின்றி நின்றவர். பிளாலக்கின் பின்னே நின்று, தையல் ஒவ்வொன்றுக்கும் வழிகூறியவர் அவரே. அக்குழந்தை சில மாதங்களே கூடுதலாக வாழ்ந்தது. ஆயின் அவ்வழியே பின்வந்த குழந்தைகள் ஆயிரக்கணக்கில் பிழைத்தனர்.

இக்குறைகள் பெரும்பாலானவற்றிற்குத் தனிக்காரணம் கூறவியலாது. கிரகணத்தையும் தாய் உண்ட பழத்தையும் பழித்தல் வீண். கருவுற்ற தொடக்கத்தில் ருபெல்லா அம்மை காணுதலும், கட்டுப்படாத நீரிழிவும் தெளிவாக அறியப்பட்ட காரணங்கள். ருபெல்லாவுக்குத் தடுப்பூசி உண்டு. 2017இல் அது தமிழகத்தில் போடப்பட்டபோது வதந்திக்கு அஞ்சி மறுத்த பெற்றோர் நம்மிடையேயும் இருந்தனர். நெருங்கிய உறவில் மணத்தலும் இக்குறைக்கான வாய்ப்பைச் சிறிது கூட்டுவதாகத் தென்னிந்திய ஆய்வுகள் காட்டுகின்றன. மார்க்கம் அனுமதித்தது வேறு, கட்டாயமாக்கியது வேறு என்பதை ஜமாஅத் பெரியோர்க்கு யாம் விளக்க வேண்டுவதில்லை.

இன்று பல துளைகளைத் தொடைக்குழாய் வழியே சிறு கருவி செலுத்தி, நெஞ்சைத் திறவாமலே அடைக்கின்றனர். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இதய அறுவையும் அடங்கும். 2013இல் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளுக்கே வருகின்றனர்.

எம் மருமகள் இன்று ஒரு பிள்ளையின் தாய். சென்ற ஆண்டு அவள் மகனின் அட்டையில் அக்குழுவினர் 'மர்மர்' என்று எழுதி அனுப்பினர். அன்றிரவே தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, எக்கோ எங்கே எடுக்கலாம்?" என்றுதான் கேட்டாள்.