உஷார்! பாலுக்கு ஆடு வாங்கப் போகிறீர்களா?

"தலைச்சேரி ஆடு, ரெண்டாம் ஈத்து, கூடவே ரெண்டு குட்டி. தினம் மூணு லிட்டர் கறக்கும். ஜோடியா எடுத்தா விலை குறைச்சுத் தர்றோம். அட்வான்ஸ் மட்டும் ஜிபே பண்ணுங்க, ஆடு உங்க வாசல்ல வந்து இறங்கும்."

இப்படி ஒரு வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் இடம் இருக்கிறது. மாடு கட்ட வசதி இல்லை. ஒரு ஜோடி ஆடு இருந்தால் பிள்ளைகளுக்கு நல்ல பால் ஆயிற்றே என்று மனசு பரபரக்கும். பணம் அனுப்புவதற்கு முன் கொஞ்சம் நில்லுங்கள்!

முதல் தடவை ஆடு வளர்ப்பவர் வீட்டில் ஆடு செத்தால், "நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு என்ன ஆச்சோ" என்றுதான் சொல்வார்கள். திடீரென்று எதுவும் ஆவதில்லை. எங்கே வாங்கினோம், எங்கே கட்டினோம், முதல் வாரம் என்ன போட்டோம் என்ற மூன்றில்தான் ஆட்டின் ஆயுசு இருக்கிறது. மூன்றுமே உங்கள் கையில் இருப்பவை.

மூணு லிட்டர் கதை

நம் ஊர் கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு மூன்றும் அருமையான ஆடுகள்தான். வெயில் தாங்கும், நோய் தாங்கும். ஆனால் அவை கறிக்கானவை. அவற்றின் பால் குட்டிக்கே சரியாகப் போகும். பாலுக்கென்று சிறிய ஆடு வேண்டுமானால் நமக்குப் பக்கத்தில் இருப்பது கேரளத்து மலபார் பகுதியின் தலைச்சேரி. இரட்டைக் குட்டி போடுவது அதற்குச் சாதாரணம். இன்னொன்று உத்தரப்பிரதேசத்தின் ஆக்ரா, மதுரா வட்டாரத்து பார்பாரி. குட்டையான உடம்பு, வெள்ளைத் தோலில் பழுப்புப் புள்ளி, நிமிர்ந்து நிற்கும் சின்னக் காது. மேயப் போகாமல் கொட்டிலிலேயே கட்டி வளர்க்கத் தோதானது.

இந்த இரண்டிலும் நல்ல தீவனம் போட்டால் நாளுக்கு ஒரு லிட்டர், நல்ல ஆடாக அமைந்தால் அதற்குக் கொஞ்சம் மேலே எதிர்பார்க்கலாம். அதிலும் குட்டி குடித்தது போகத்தான் உங்களுக்கு. மூணு லிட்டர் என்று ஒருவர் அடித்துச் சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "நாளைக்குக் காலையிலும் சாயந்திரமும் வர்றேன், என் கண்ணு முன்னாடி கறங்க." பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

ஜமுனாபாரி அதிகம் கறக்கும், உண்மை. ஆனால் அது எட்டாவா பக்கத்து ஆற்றங்கரைக் காடுகளில் நெடுந்தூரம் மேய்ந்து பழகிய பெரிய ஆடு. நாலு சென்ட்டுக்கு ஆகாது. போயர் என்று காட்டினால் அது தென்னாப்பிரிக்கக் கறி ரகம். உடம்பைப் பார்த்துப் பாலைக் கணக்குப் போட்டு ஏமாறாதீர்கள்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. குட்டி போடாமல் ஆடு பால் தராது. சினைக்காலம் 5 மாதம். ஈன்ற பிறகு சில மாதங்கள் கறந்துவிட்டு வற்றிவிடும். வருஷம் முழுக்கப் பால் வேண்டுமென்றால் இரண்டு பெட்டை ஆடுகள் மாற்றி மாற்றி ஈன வேண்டும். எப்படியும் ஒற்றை ஆட்டைக் கட்டாதீர்கள்; துணையில்லாத ஆடு கத்திக் கத்தியே தெருவைக் கூட்டிவிடும், சரியாகத் தின்னவும் செய்யாது. கிடா மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் வீச்சம் பாலிலும் ஏறும். சேர்க்கைக்குப் பக்கத்து ஊர் கிடாவே போதும்.

சந்தையில் கண் எங்கே போக வேண்டும்?

எட்டயபுரம், செஞ்சி, அய்யலூர், மேலப்பாளையம் என்று பேர் போன ஆட்டுச் சந்தைகள் நமக்கு நிறைய. விடியற்காலை இருட்டிலேயே வியாபாரம் சூடுபிடித்துவிடும். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பதற்குள் நீங்கள் ஆட்டின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்த அவசரம்தான் தரகரின் மூலதனம்.

முதலில் வாயைத் திறந்து பாருங்கள். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, கீழே எட்டுதான். அதில் பெரிய பல் இரண்டு என்றால் வயது ஒன்றைத் தாண்டியது, நாலு என்றால் இரண்டு வயதை ஒட்டியது, எட்டும் விழுந்து முளைத்திருந்தால் நாலு வயது. பல் தேய்ந்தோ, இடைவெளி விட்டோ இருந்தால் அது கிழடு. "ரெண்டாம் ஈத்து" என்ற பேச்சை அதோடு ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது கண். கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கம் பாருங்கள். செக்கச்செவேல் என்று இருந்தால் நல்லது. வெள்ளைக் காகிதமாக வெளுத்திருந்தால் குடற்புழு ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. மூக்கில் சளி, இருமல், வாலடியில் கழிசல் ஒட்டிய தடம், நொண்டி நடை இதில் ஒன்று இருந்தாலும் விலை எவ்வளவு இறங்கினாலும் வேண்டாம்.

கடைசியாக மடி. ஒரு நாள் முழுக்கக் கறக்காமல் விட்டு, மடி புடைக்கப் புடைக்கக் கொண்டுவந்து நிறுத்துவது பழைய தந்திரம். கறக்கச் சொல்லுங்கள். கறந்து முடித்ததும் நல்ல மடி வெறும் பையாகச் சுருங்க வேண்டும். சுருங்காமல் கல்லாக நின்றாலோ, கையில் கட்டி தட்டுப்பட்டாலோ மடிநோய். இரண்டு காம்பிலும் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பாருங்கள். திரிதிரியாகவோ, தண்ணீராகவோ, ரத்தம் கலந்தோ வந்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

பக்ரீத், தீபாவளி, ஆடி கிடாவெட்டு நேரங்களில் வாங்கவே வேண்டாம். விலையும் ஏறியிருக்கும், பல ஊர் ஆடும் ஒரே இடத்தில் உரசிக்கொண்டு நிற்கும். முடிந்தால் சந்தையைத் தவிர்த்து, வளர்ப்பவர் வீட்டுக்கே போய்த் தாயையும் கூடப்பிறந்த குட்டிகளையும் பார்த்து வாங்குங்கள். நேரில் பார்க்காத ஆட்டுக்கு ஒற்றை ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

முதல் மாதம்: தனியே கட்டுங்கள்!

ஆட்டுக்கொல்லி நோய் என்று ஒன்று இருக்கிறது. பேரே போதும். கிருமி புகுந்த ஆடு சில நாட்களுக்கு வெளியில் ஒன்றும் காட்டாது. வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாய்ப்புண், கழிசல் என்று வரிசையாகத் தொடங்கும். அதற்குள் பக்கத்தில் நின்ற ஆட்டுக்கும், எதிர்வீட்டு ஆட்டுக்கும் பரவியிருக்கும். இது வைரஸ் நோய். வந்தபின் அதற்கென்று நேரடி மருந்து இல்லை. வருமுன் தடுப்பூசி இருக்கிறது. ஒரு முறை போட்டால் 3 வருடம் காக்கும்.

புது ஆட்டைக் குறைந்தது 3 வாரம், முடிந்தால் ஒரு மாதம் தனி இடத்தில், தனித் தண்ணீர்த் தொட்டியோடு கட்டுங்கள். வீட்டில் ஏற்கெனவே ஆடு இருந்தால் அதைக் கவனித்துவிட்டுக் கடைசியாகப் புதியதிடம் போங்கள். இந்த இடைவெளியில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டிக் குடற்புழு நீக்கம், ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி தடுப்பூசிகளுக்கு நாள் குறித்துக்கொள்ளுங்கள். துள்ளுமாரிக்கு ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன் போட வேண்டும். அவசரம் என்றால் 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி உண்டு.

கொட்டிலில் கோட்டை விடாதீர்கள்

ஆடு மழையில் நனைந்தால் கூடத் தேறிவிடும். ஈரத்தில் படுத்தால் தேறாது. அதனால்தான் பரண். தரையிலிருந்து 3, 4 அடி உயரம் இருந்தால் குனிந்து புழுக்கை அள்ள முடியும். ஆட்டுக்கு 10 சதுர அடி. இரண்டு ஆடும் குட்டிகளும் என்றால் 40 சதுர அடி தாராளம். பரண் சட்டங்களுக்கு நடுவே அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். புழுக்கை விழட்டும் என்று அகலமாக விட்ட இடைவெளியில்தான் குட்டியின் கால் மாட்டி ஒடிகிறது. பிறந்த குட்டிகளுக்குச் சாக்கு விரித்த தனி மூலை வேண்டும்.

கொட்டிலின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். வெயில் நேராக உள்ளே இறங்காது. தகரக் கூரை என்றால் மேலே கீற்று போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடிவிடுகிறார்கள். அது தவறு! விடியற்காலையில் உள்ளே போய் ஆடு படுக்கும் உயரத்தில் இரண்டு நிமிஷம் உட்காருங்கள். மூத்திர நெடியில் உங்கள் கண் எரிந்தால், ராத்திரி முழுக்க அதைச் சுவாசித்த ஆட்டின் நுரையீரல் என்னவாகும்? சாரல் அடிக்கும் பக்கம் மட்டும் மறைத்து, கூரைக்குக் கீழே காற்றுக்கு வழி விடுங்கள்.

நாய்! காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் குதறிய தெருநாய்க் கூட்டங்களால் விவசாயிகள் சாலைக்கு வந்து போராடியது சமீபத்தில்தான். ஊருக்குள் வளர்ப்பவர்களும் தப்ப முடியாது. ராத்திரி ஆட்டை வெளியில் கட்டாதீர்கள். கதவுக்குத் தாழ்ப்பாள், வேலிக்கு அடியில் நாய் தோண்ட முடியாத கட்டு இரண்டும் கட்டாயம். நீளக் கயிற்றில் கட்டிவிட்டு வெளியூர் போவதும் ஆபத்து. சுற்றிக்கொண்ட கயிறு கழுத்தை இறுக்கிவிடும்.

லட்ச ரூபாயில் ஹைடெக் பரண், கூடவே ஆடும் தருகிறோம், குட்டியை நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்று யாராவது வந்தால், பெருந்துறை ஈமு கோழியை நினைத்துக்கொள்ளுங்கள். 2012-ல் அந்த "திருப்பி வாங்கும்" வாக்குறுதி சரிந்தபோது பணம் போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். பறவைகளும் தீவனமில்லாமல் கிடந்தன.

சோறு போட்டுக் கொல்லாதீர்கள்

பழைய சோறு, மீந்த இட்லி மாவு, கல்யாண வீட்டு பிரியாணி... பாசத்தோடு வைப்பதுதான் பல ஆடுகளுக்குக் கடைசித் தட்டு. இலை தழைக்குப் பழகிய வயிற்றில் மாவுச்சத்து மொத்தமாக விழுந்தால் புளித்து அமிலமாகிவிடும். மறுநாள் இடது வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு ஆடு படுத்துக்கிடக்கும். எந்தப் புதுத் தீவனத்தையும் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். விற்றவரிடம் "இதுவரை என்ன போட்டீங்க?" என்று கேட்டு, முதல் வாரம் அதையே போடுங்கள்.

காம்பவுண்டு ஓரத்து அரளிச் செடியை ஆடு வருவதற்கு முன்பே வெட்டி அப்புறப்படுத்துங்கள். கொஞ்சம் இலை போதும் ஆட்டைச் சாய்க்க. பூக்காத இளம் சோளப் பயிரிலும் மரவள்ளி இலையிலும் விஷம் உண்டு. சவுண்டல் தழை நல்லதுதான், ஆனால் மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தழையைத் தரையில் கொட்டாமல் கட்டித் தொங்கவிடுங்கள். தரையில் தின்றால் புழுவும் சேர்ந்து உள்ளே போகும்.

பச்சைப் பால் வேண்டாம்

ஆட்டுப்பால் மருந்து என்று கறந்த சூட்டோடு குடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. மால்டா தீவில் பிரிட்டிஷ் படைவீரர்களை வாட்டிய காய்ச்சலின் கிருமியை 1887-ல் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தார். அது எங்கிருந்து வருகிறது என்று 1905-ல் தெமிஸ்டாக்லிஸ் ஸாமிட் கண்டுபிடித்தபோதுதான் எல்லோருக்கும் அதிர்ச்சி: பார்வைக்குக் கொழுகொழுவென்று இருந்த ஆடுகளின் பாலிலிருந்து! அந்தப் புருசெல்லா கிருமி நம் ஊரிலும் உண்டு. பாலைப் பொங்கக் காய்ச்சியே குடியுங்கள். சினை ஆடு குறைமாதத்தில் குட்டி போட்டுவிட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக ஆட்டுப்பால் கொடுக்காதீர்கள். அதில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு.

இவ்வளவையும் படித்துவிட்டு ஆசை குறையவில்லையா? நல்லது. அப்படியானால் சந்தைக்குப் போகாமல் முதலில் விதைக் கடைக்குப் போங்கள். வேலிமசால் வாங்கி விதையுங்கள். ஓரத்தில் அகத்தி ஊன்றுங்கள். வேலிமசால் முதல் அறுப்புக்கு வர 3 மாதம் ஆகும். அந்த மூன்று மாதத்தில் கொட்டிலைக் கட்டுங்கள், கால்நடை மருத்துவரைப் பழகிக்கொள்ளுங்கள், ஆடு வளர்ப்பவர் நாலு பேரை நேரில் பாருங்கள். தீவனம் கைக்கு வரும் வரை ஆடு வாங்காதீர்கள்.