படநூலும் பிள்ளையின் சினமும்

இளம்பிள்ளைக்குச் சினம் உண்டு. அதனை உரைக்கும் சொல் இல்லை. அக்குறையை நிரப்ப வல்லது படநூல். அமெரிக்கரான மொறிஸ் சென்டாக் 1963 இல் எழுதி வரைந்த 'வெயார் த வைல்ட் திங்ஸ் ஆர்' என்னும் நூலில், குறும்பு செய்து இராவுணவின்றி அறைக்கு அனுப்பப்பட்ட மாக்ஸ் என்னுஞ் சிறுவன், கொடுவிலங்குகள் வாழும் நாட்டுக்குக் கற்பனையிற் செல்கின்றான். கற்பனை விரிய விரியப் படங்களும் பக்கத்தை நிறைக்கின்றன. சினம் களியாட்டாய்ப் பொங்கும் ஆறு பக்கங்களிற் சொல்லே இல்லை.

ஆங்கு ஆசிரியர் நீதி புகட்டாது, "இவன் மனம் இப்பொழுது எப்படியிருக்கின்றது?" என வினவுதல் வேண்டும். மாக்ஸைப் பற்றிப் பேசும் பிள்ளை, அச்சமின்றித் தன்னைப் பற்றியே பேசுகின்றது. முடிவில் மாக்ஸ் மீளுகின்றான். உணவு சூடாறாது காத்திருக்கின்றது. சினந்தாலும் அன்பு நீங்காதென்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளும்.