சர்வர் இயங்க மறுக்கிறதா? அழிப்பதற்கு முன் படியுங்கள்!

"டீச்சர், மூணு தடவை அழிச்சிட்டு மறுபடியும் போட்டுட்டேன். இன்னும் வரமாட்டேங்குது."

ஒரு திங்கட்கிழமை காலை சபைகூடல் முடிந்து வகுப்புக்குப் போகும் வழியில் படிவம் 5 மாணவி ஒருவர் என்னிடம் சொன்னது இது. கணினி அறிவியல் பாடத்துக்காக, பள்ளி நூலகப் புத்தகங்களின் பட்டியலை அவர் ஒரு தரவுத்தளமாக உருவாக்கி வந்தார். புத்தகத்தின் பெயர், எழுதியவர், அலமாரி எண், இரவல் பெற்றவர் என இரண்டு வாரங்கள் மாலைதோறும் உட்கார்ந்து தட்டச்சு செய்திருந்தார்.

வெள்ளிக்கிழமை வரை ஒழுங்காக ஓடிய தரவுத்தளச் சர்வர் சனிக்கிழமை இயங்கவில்லை. ஞாயிறு இரவுக்குள் அவர் அதை மூன்று முறை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினார். கோளாறு போகவில்லை. போனது அவருடைய பட்டியல்தான்.

மாணவர்களே, சர்வர் நிறுவும்போது தடுமாறாதவர் யாரும் இல்லை. ஆனால் தடுமாறும்போது என்ன செய்கிறோம் என்பதில்தான் அறிவியல் இருக்கிறது. அந்த மாணவியின் மடிக்கணினியில் நடந்ததை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

சர்வர் என்பது ஒரு நிரல்

சர்வர் என்றதும் குளிரூட்டிய அறையில் வரிசையாக நிற்கும் பெரிய இயந்திரங்கள் நினைவுக்கு வரலாம். உண்மையில் சர்வர் என்பது காத்திருந்து பதில் சொல்லும் ஒரு நிரல். உங்கள் சொந்தக் கணினியிலும் அது ஓடும். கேள்வி கேட்பது இன்னொரு நிரல். இரண்டும் ஒரே கணினியில் இருந்தாலும், வலையமைப்பு வழியாகப் பேசுவதுபோலவே பேசிக்கொள்கின்றன.

பேச வேண்டுமானால் முகவரி வேண்டும். ஒரு கணினி தன்னைத்தானே அழைக்கும் முகவரி 127.0.0.1. அதன் பெயர் லோக்கல்ஹோஸ்ட். ஆனால் ஒரே கணினியில் பல சர்வர்கள் ஓடலாமே, எதைக் கூப்பிடுவது? அதற்குத்தான் போர்ட் எண். கணினியை ஓர் அடுக்குமாடிக் கட்டடம் என்று வைத்துக்கொண்டால், போர்ட் என்பது வீட்டின் கதவு எண். இந்த எண்கள் 65535 வரை போகும். இணையப் பக்கங்களுக்கு வழக்கமான எண் 80. போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு 5432. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு 3306.

ஒரே முகவரியில் ஒரே கதவு எண்ணை ஒரு நேரத்தில் ஒரு சர்வர்தான் வைத்திருக்க முடியும். முதலில் வந்தவர் குடியேறிவிட்டால் அடுத்தவர் உள்ளே நுழைய முடியாது.

ஒரே கதவுக்கு இரண்டு பேர்

அந்த மாணவி பயன்படுத்தியது ஸாம்ப் என்னும் இலவசத் தொகுப்பு. இணையச் சர்வரும் தரவுத்தளச் சர்வரும் அதில் சேர்ந்தே வரும். அதன் பொத்தானில் மைஎஸ்கியூஎல் என்று எழுதியிருந்தாலும், உள்ளே இருப்பது மரியாடிபி. இரண்டும் உடன்பிறப்புகள். 1995-இல் வெளிவந்த மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவர் ஃபின்லாந்தின் மைக்கேல் விடேனியஸ். தம் மகள் 'மை'யின் பெயரை அதற்கு வைத்தார். 2009-இல் அதிலிருந்து பிரிந்து தொடங்கிய திட்டத்துக்கு இளைய மகள் மரியாவின் பெயரை வைத்தார். உடன்பிறப்புகள் என்பதால் இரண்டும் வழக்கமாகக் கேட்கும் கதவும் ஒன்றே: 3306.

ஓய்வு நேரத்தில் அவருடைய மடிக்கணினியைத் திறந்தோம். நான் கேட்ட முதல் கேள்வி: "வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவுல என்ன மாத்தினீங்க?"

"ஒண்ணும் மாத்தலையே டீச்சர்" என்றார். சற்று யோசித்துவிட்டு, "சனிக்கிழமை காலையில ஒரு வீடியோ பார்த்து மைஎஸ்கியூஎல்லைத் தனியா போட்டேன். கட்டளை அடிச்சுப் பழகலாம்னு" என்றார்.

விடை அங்கேதான் இருந்தது. தனியாக நிறுவிய மைஎஸ்கியூஎல், விண்டோஸ் தொடங்கும்போதே தானாக எழுந்து பின்னணியில் ஓடும் ஒரு சேவையாகப் பதிவாகியிருந்தது. அதற்கென்று சாளரம் எதுவும் திரையில் தெரியாது. ஆனால் 3306-ஆம் கதவை அது பிடித்துக்கொண்டது. அதன்பின் ஸாம்பின் சர்வர் எழுந்தபோதெல்லாம் கதவு கிடைக்காமல் உடனே நின்றுபோனது.

பழுது ஸாம்பில் இல்லை. அதனால்தான் அதை மூன்று முறை அழித்து நிறுவியும் பயன் இல்லை.

பிழைச்செய்தி ஒரு சாட்சி

அவரைக் குழப்பியது இன்னொன்றும் உண்டு. உலாவியில் தரவுத்தளத்தைக் காட்டும் பிஎச்பிமைஅட்மின் பக்கத்தைத் திறந்தபோது, 1045 என்ற எண்ணுடன் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று செய்தி வந்தது. "நான் பாஸ்வர்டே வைக்கலையே!" என்று அவர் குழம்பினார். ஸாம்பில் ரூட் என்னும் தலைமைப் பயனருக்கு ஆரம்பத்தில் கடவுச்சொல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கம் தட்டியது 3306-ஆம் கதவை. திறந்து பதில் சொன்னது புதிதாகக் குடியேறிய சர்வர். அதற்குச் சனிக்கிழமை காலை கடவுச்சொல் வைத்தவர் அவரேதான்!

செய்தி பொய் சொல்லவில்லை. யார் சொல்கிறார் என்பதைத்தான் அவர் கவனிக்கவில்லை. பிழைச்செய்தியில் வரும் எண்களைச் சாட்சி சொல்பவராக நினைத்துக் கேளுங்கள்.

10061 என்று வந்தால், நீங்கள் தட்டிய கதவுக்குப் பின்னால் எந்தச் சர்வரும் இல்லை. இணைப்பு உடனே மறுக்கப்பட்டது. சர்வர் ஓடுகிறதா, போர்ட் எண் சரிதானா என்று பாருங்கள்.

10060 என்று வந்தால், பதிலே வரவில்லை. காத்திருந்து நேரம் முடிந்துவிட்டது. வேறொரு கணினியில் உள்ள சர்வரை அழைக்கும்போது இது வரலாம். முகவரி தவறாக இருக்கலாம், அல்லது தீச்சுவர் என்னும் பாதுகாப்பு நிரல் வழியை அடைத்திருக்கலாம்.

1045 என்று வந்தால் மகிழுங்கள். ஏதோ ஒரு சர்வர் ஓடுகிறது, கதவும் திறந்தது. பெயரோ கடவுச்சொல்லோதான் பொருந்தவில்லை. அந்த வரியின் கடைசியில் கடவுச்சொல் பயன்படுத்தப்பட்டதா என்பதற்கு ஆம் அல்லது இல்லை என்ற விடையும் இருக்கும். 'இல்லை' என்றால் நீங்கள் கடவுச்சொல்லை அனுப்பவே இல்லை என்று பொருள்.

1049 என்றால் நீங்கள் கேட்ட பெயரில் தரவுத்தளம் இல்லை. 1064 என்றால் உங்கள் கட்டளையின் இலக்கணத்தில் பிழை. இந்த இரண்டும் வந்தால் சர்வர் நலமாக இருக்கிறது. அதை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது வீண்வேலை.

சர்வர் எழவே இல்லையென்றால், அது எழுதி வைக்கும் பதிவுக் கோப்பைத் திறங்கள். ஸாம்பின் கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்கென்று 'லாக்ஸ்' என்ற பொத்தான் உண்டு. அந்த மாணவியின் கணினியில் திறந்தோம். '3306-ஆம் போர்ட்டில் ஏற்கெனவே வேறொரு சர்வர் ஓடுகிறதா?' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. சரியான கேள்வியைச் சர்வரே இரண்டு நாள்களாகக் கேட்டுக்கொண்டிருந்தது!

அதே பலகையின் 'நெட்ஸ்டாட்' பொத்தானை அழுத்தியதும், எந்த நிரல் எந்தப் போர்ட்டைப் பிடித்திருக்கிறது என்ற பட்டியல் வந்தது. ஊகம் உறுதியானது. விண்டோஸின் 'சர்வீசஸ்' பட்டியலுக்குப் போய்ப் புதிய சேவையை நிறுத்தி, தானாகத் தொடங்காதபடி 'மேனுவல்' என்று மாற்றினோம். ஸாம்பின் சர்வர் உடனே எழுந்தது. இரண்டும் வேண்டுமென்றால், ஒன்றுக்கு 3307 போன்ற வேறு எண் கொடுக்கலாம். அப்போது அதை அழைக்கும் நிரலுக்கும் புதிய எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

தரவு எங்கே இருக்கிறது?

சர்வர் எழுந்தது. நூலகப் பட்டியல் மட்டும் அங்கே இல்லை. ஸாம்ப் கோப்புறைக்குள் 'மைஎஸ்கியூஎல்', அதற்குள் 'டேட்டா' என்று ஒரு கோப்புறை இருக்கிறது. நீங்கள் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு வரியும் அங்கேதான் சேமிக்கப்படுகிறது. ஸாம்ப் கோப்புறையை அழித்தபோது இரண்டு வார உழைப்பும் சேர்ந்தே அழிந்தது. நகல் இல்லை.

எனவே, எதையும் நீக்குவதற்கு முன் சர்வரை நிறுத்திவிட்டு, அந்த 'டேட்டா' கோப்புறையை முழுவதுமாக வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். உங்கள் தரவுத்தளத்தின் பெயருள்ள கோப்புறையை மட்டும் எடுத்தால் போதாது. அட்டவணைகளைப் பற்றிய தகவல் வெளியே 'ஐபிடேட்டா1' என்ற கோப்பிலும் இருக்கிறது. அந்தக் கோப்பை அழித்தால் சர்வர் எழும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். சர்வர் எழலாம், அட்டவணைகள் திறக்காமல் போகலாம். சர்வர் நன்றாக ஓடும் நாள்களில் பிஎச்பிமைஅட்மினின் 'எக்ஸ்போர்ட்' வழியாக வாரம் ஒருமுறை நகல் எடுத்துக்கொள்வது இன்னும் பாதுகாப்பானது.

செய்து பாருங்கள்

அறிவியல் கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுகிறோம் அல்லவா? இங்கேயும் அதே விதிதான். மூன்று விஷயங்களை ஒன்றாக மாற்றினால், கோளாறு தீர்ந்தாலும் எது தீர்த்தது என்று தெரியாது. ஒரு மெல்லிய நோட்டுப் புத்தகம் போதும். என்ன மாற்றினேன், எப்போது, என்ன செய்தி வந்தது என்று மூன்று நெடுவரிசைகள் போடுங்கள்.

பிறகு, எதுவும் இல்லாத ஒரு புதிய தரவுத்தளத்தில் நீங்களே வேண்டுமென்று கோளாறு உண்டாக்கிப் பாருங்கள். சர்வரை நிறுத்திவிட்டு இணைத்துப் பாருங்கள். பயனர் பெயரைத் தவறாகக் கொடுங்கள். இல்லாத தரவுத்தளத்தைக் கேளுங்கள். கட்டளையில் ஓர் எழுத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் வரும் செய்தியை நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை உண்மையான கோளாறு வரும்போது, அது உங்களுக்கு முன்பே அறிமுகமான முகமாக இருக்கும்.

அந்த மாணவி பட்டியலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். தோழிகள் இருவர் புத்தகப் பெயர்களை வாசிக்க, இவர் தட்டச்சு செய்தார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் விரலியில் ஒரு நகல் எடுத்துவிட்டுத்தான் கணினியை மூடுகிறார்.