சமயம் சாரா வாக்காளர்களும் பழமைவாத அரசியலும் (ஐக்கிய அமெரிக்கா)

ஐக்கிய அமெரிக்காவில் சமயம் சாரா வாக்காளர்கள் எனப்படுவோர், எச்சமயத்தையும் தமதெனக் கூறாத வாக்காளர்கள் ஆவர். இறைமறுப்பாளர், கடவுள் உண்டா என்பதை அறிய இயலாது என்போர், "குறிப்பாக எச்சமயமும் இல்லை" என்போர் ஆகிய மூவகையினர் இதில் அடங்குவர். மூன்றாம் வகையினரே மிகுதி. பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்புகளின்படி, சமயம் சாராதோர் 2007இல் வயது வந்தோருள் 16 விழுக்காடாகவும், 2021இல் 29 விழுக்காடாகவும் இருந்தனர்.

வாக்களிக்கும் போக்கு

இவர்களுள் பெரும்பான்மையோர் மக்களாட்சிக் கட்சியை ஆதரிக்கின்றனர். 1979இல் செர்ரி பால்வெல் "ஒழுக்கப் பெரும்பான்மை" இயக்கத்தைத் தொடங்கிய காலம் முதல் குடியரசுக் கட்சி கிறித்தவ வலதுசாரிகளுடன் நெருங்கியமை இதற்கு முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. எனினும் எதிர்ப்போக்கும் உண்டு. 2012 குடியரசுத் தலைவர் தேர்தலில் இவர்களுள் 70% பராக் ஒபாமாவுக்கும், 26% மிட் ராம்னிக்கும் வாக்களித்ததாக வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பு காட்டியது.

பொருளாதாரப் பழமைவாதம்

குறைந்த வரி, அதிகாரம் குறைந்த அரசு, துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை ஆகியவற்றை ஆதரிக்கச் சமய நம்பிக்கை தேவையில்லை. இறைமறுப்பாளரான எழுத்தாளர் அய்ன் ரேண்ட் கட்டற்ற சந்தையையும் கருக்கலைப்பு உரிமையையும் ஒருங்கே ஆதரித்தார். இத்தகையோர் பொருளாதாரத்தில் ஒரு கட்சியையும், சமூகச் சிக்கல்களில் மற்றொரு கட்சியையும் ஒத்திருப்பதால், எதற்கு முதன்மை தருகின்றனர் என்பதைப் பொறுத்தே வாக்களிக்கின்றனர்.

சமூகச் சிக்கல்கள்

கருக்கலைப்பு, ஒருபால் திருமணம் ஆகியவற்றில் சமயம் சாராதோர் பெரும்பாலும் தாராளப் போக்கு உடையவர்கள். ஆயினும் இதற்கு விலக்கு உண்டு. 2009இல் தொடங்கப்பட்ட "செக்யுலர் புரோ-லைஃப்" அமைப்பு, மறைநூல்களைச் சாராமல், உயிரியலையும் மனித உரிமையையும் முன்வைத்துக் கருக்கலைப்பை எதிர்க்கிறது. ஆகவே சமயமின்மையை மட்டும் கொண்டு ஒருவரது அரசியல் நிலைப்பாட்டை உறுதிசெய்ய இயலாது.