குஞ்சு ஈனும் மீன்களின் இனவிருத்தி

நுளம்புக் குடம்பிகளை உண்பதற்காகக் கிணறுகளில் விடப்படும் கப்பி மீன் முட்டையிடாது, குஞ்சுகளை ஈனும். பெண்மீன் விந்தைப் பல மாதங்கள் சேமித்து வைப்பதால், ஒரு தடவை இணைந்தபின் ஆணின்றியே பலமுறை ஈனும்.

மெக்சிக்கோவின் டெக்கீலா மீன் வேறுவகை. அதன் முளையங்கள் நாடா போன்ற இழையங்கள் மூலம் தாயிடமிருந்து போசணை பெறும். விந்து சேமிக்கப்படாமையால் ஒவ்வோர் ஈற்றுக்கும் ஆண் தேவை. தெயுசித்லான் ஆற்றில் அற்றுப்போன இவ்வினம் மீன் வளர்ப்போரின் தொட்டிகளில் மட்டும் எஞ்சியது. 1998 இல் கிடைத்த ஐந்து சோடிகளை மொரேலியா நகரப் பல்கலைக்கழகம் பெருக்கி, பின்னர் ஏறத்தாழ 1500 மீன்களை அதே ஆற்றில் விட்டது.

கவனிக்க: அவை திரும்பியது தமது சொந்த ஆற்றுக்கே. கப்பியோ தென்னமெரிக்காவுக்குரியது. தொட்டி நிரம்பிவிட்டதென அதை இரணைமடுக்குளத்தில் விடலாகாது. சுதேச மீன்களுடன் உணவுக்குப் போட்டியிடும் ஒரு கூட்டம் உருவாக, சூல்கொண்ட ஒரு பெண்மீனே போதும்.